சுருளுதல்

தென்னாப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் வேட்டைப் பண்ணைகளைச் சுற்றிப் போடப்பட்டிருக்கும் மின்வேலிகளில், அடிக்கம்பியைச் சுற்றிச் சுருண்டபடி இறந்து கிடக்கும், பாங்கோலின் எனப்படும் அழுங்குகளின் படங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பார்த்த நாளிலிருந்து மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. ரத்தமோ கிழிசலோ இல்லை. செதில்கள் ஒழுங்காக மூடியிருக்கின்றன. தலை வாலுக்கு அடியில் இருக்கிறது. கம்பி மட்டும் அந்த உருண்டையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. அங்குள்ள தரை அழுங்கு பெரும்பாலும் பின்னங்கால்களால் நடக்கும். முன்னங்கால்களை நெஞ்சோடு மடக்கி, கனத்த வாலைத் தரையில் படாமல் பின்னே நீட்டிச் சமன் செய்துகொண்டு, தலையைத் தாழ்த்தி மோப்பம் பிடித்தபடி போகும். அப்படிப் போகையில் செதில் இல்லாத அதன் வயிறோ முகமோ, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓடும் கம்பியில் படுகிறது. அதிர்ச்சி. உடனே சுருள்கிறது, கம்பியை உள்ளே வைத்து. மின்வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடுவதில்லை, ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பாக வரும். அடுத்த துடிப்பு வரும்போது ஆபத்து இன்னும் போகவில்லை என்று உடல் எடுத்துக்கொள்கிறது. இன்னும் இறுகுகிறது. அதற்கடுத்த துடிப்புக்கு இன்னும். அந்த நாட்டில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான அழுங்குகள் இப்படிச் சாவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சாலையிலும் தண்டவாளத்திலும் கிணற்றிலும் விலங்குகள் சாவது நமக்குப் பழகிப்போன செய்தி. இது அப்படிப் பழக மறுக்கிறது. ஏனென்றால் அந்த விலங்கு எந்தப் பிழையும் செய்யவில்லை. தன் குலத்தைக் காத்துவந்த ஒரே காரியத்தைத்தான் செய்தது, அதையும் குறையில்லாமல் செய்தது.

அந்தக் காரியம் எவ்வளவு தேர்ந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அழுங்கின் செதில் நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆனது. நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறியிருப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் அந்தச் செதில்கள், உடல் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வரை வரும். நடக்கும்போது அவை உரசும் மெல்லிய ஓசை கேட்கும். சுருண்டபின் ஓசையே இல்லை. செதில்களின் ஓரம் கூர்மையானது. சுருண்ட உடலுக்குள் பாதத்தையோ மூக்கையோ நுழைக்கப் பார்க்கும் மிருகம், தசை இறுகும்போது அந்த ஓரங்களுக்கு இடையில் மாட்டிக்கொள்ளும். சிங்கங்கள் சுருண்ட அழுங்கை உருட்டி, நக்கி, கடைவாயில் வைத்துக் கடித்து, நெடுநேரம் மெனக்கெட்டபின் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும். வளர்ந்த அழுங்கு ஒன்று இறுகிக்கொண்டால் மனிதக் கைகளால் பிரிப்பதும் எளிதல்ல. தாய் சுருளும்போது குட்டி அதன் வயிற்றோடு உள்ளே போய்விடும். மனிதர்களுக்கே இதில் மயக்கம் இருந்தது. இந்திய அழுங்கின் செதில்களுக்குப் பொன்முலாம் பூசித் தைத்த கவசச் சட்டை ஒன்றும் தலைக்கவசம் ஒன்றும், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபுவால் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜுக்குக் கொடுக்கப்பட்டன. அவை இன்றும் லீட்ஸ் நகரிலுள்ள அரச ஆயுதக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. துப்பாக்கி வந்து எத்தனையோ காலமான பின்னும் யாரோ ஒருவர் அந்தச் செதிலை நம்பியிருக்கிறார், அல்லது நம்புவதுபோல் அலங்கரித்திருக்கிறார்.

அதிசய விலங்குகள் என்று நாம் சொல்லிக்கொள்ளும் கதைகள் இந்த இடத்தில் நின்றுவிடும். செதில் இருக்கிறது, சுருள்கிறது, சிங்கம் தோற்கிறது, கைதட்டல். எனக்கு இந்தக் கைதட்டலில்தான் உறுத்தல். ஒவ்வொரு தகவமைப்பும் எதையோ விற்று வாங்கப்பட்டது என்பதை அது மறைத்துவிடுகிறது. அழுங்குக்குப் பற்கள் கிடையாது. பல்லின் எனாமலை உண்டாக்கும் மரபணுக்கள் அதன் உடலில் இன்னும் இருக்கின்றன, ஆனால் சிதைந்து, வேலை செய்யாமல். பல்லுக்குப் பதில் இரைப்பையின் தடித்த உட்சுவரும், எறும்போடு சேர்த்து விழுங்கும் சிறு கற்களும் அரைக்கின்றன. நாக்கின் வேர் தொண்டையில் இல்லை, மார்பெலும்பின் கீழ்முனை வரை இறங்கிப் போகிறது. நீட்டாதபோது அந்த நாக்கு நெஞ்சுக்கூட்டுக்குள் கிடக்கும். இதையெல்லாம்விட என்னை நிறுத்தியது 2016இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு. தோலிலும் சளிச்சவ்விலும் நோய்க்கிருமிகளுக்கு எதிராக முதல் காவல் நிற்கும் இன்டர்ஃபெரான் எப்சிலான் என்ற மரபணு, ஆராயப்பட்ட அழுங்குகளில் செயலிழந்திருந்தது. மற்ற பாலூட்டிகளில் வேலை செய்வது இவற்றில் ஏன் கைவிடப்பட்டது? இவ்வளவு கெட்டியான கவசம் காயத்தையும் தொற்றையும் வெளியே நிறுத்திவிட்டதால், உள்ளே இருந்த காவல் தேவையற்றுப் போயிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். ஊகம்தான், ஆனால் விடாமல் தொந்தரவு செய்யும் ஊகம். சிறையிலோ காட்சிசாலையிலோ அடைபட்ட அழுங்குகள் வயிற்றுப் புண்ணாலும் நுரையீரல் அழற்சியாலும் சட்டென்று இறந்துபோவதை மருத்துவர்கள் சொல்லும்போது அந்த ஊகம் மறுபடி வந்து நிற்கிறது. இப்படி விற்கப்பட்டவற்றைத் திரும்ப வாங்க முடியாது. ஜெர்மனியின் மெஸ்ஸல் குழியில் கிடைத்த அழுங்கு இனப் புதைபடிவத்துக்கு வயது சுமார் 4.7 கோடி ஆண்டுகள். இந்த வழியில் நெடுந்தூரம் வந்தாகிவிட்டது. இவற்றுக்கு மிக நெருங்கிய உறவு எறும்புண்ணிகளோ ஆர்மடில்லோக்களோ அல்ல, நாயும் பூனையும் சேர்ந்த ஊனுண்ணிக் குலம் என்பதைக் கேட்கும்போது, ஓடியும் கடித்தும் பிழைக்கிற சொந்தக்காரர்களை விட்டு இது மட்டும் விலகி நடந்த தூரம் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

எனக்கு அழுங்கைவிட வேலிதான் இப்போது புதிராக இருக்கிறது. மின்வேலியை உலகெங்கும் பரப்பிய பெயர்களில் ஒன்று நியூசிலாந்தின் பில் கலகருடையது. 1930களில் தன் காரில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து ஆட்டிய குதிரையை விலக்க, காரைத் தொட்டால் அதிர்ச்சி கிடைக்கும்படி அவர் ஓர் இணைப்புச் செய்தார் என்பது அந்தத் தொழிலின் பிறப்புக் கதை. அதற்கு முன்னால் வந்த முள்கம்பி 1874இல் இல்லினாய் விவசாயி ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்றது, அது மாடுகளுக்காக. குதிரை, மாடு. இரண்டும் வலித்தால் பின்வாங்கும் விலங்குகள். துள்ளும், திமிறும், ஓடும், மறுமுறை அந்தப் பக்கம் வரத் தயங்கும். வேலியின் தத்துவம் முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: தொட்டால் வலிக்கும், வலித்தால் விலகும். நொடிக்கொரு துடிப்பு என்ற அமைப்பும் அந்த இடைவெளியில் விலங்கு விலகிக்கொள்ளட்டும் என்பதற்காகத்தான். கொல்வது நோக்கமல்ல, அந்த மட்டில் அது கருணையுள்ள பொறி. ஆனால் வலித்தால் விலகாத விலங்குகள் இருக்கின்றன. வலிக்கு அவற்றின் பதில் அங்கேயே நிற்பதும் மூடிக்கொள்வதும். அதே தென்னாப்பிரிக்க வேலிகளில் அழுங்கைவிட அதிகமாகச் சாவது ஆமைகள், அதிலும் சிறுத்தை ஆமைகள். கம்பியில் முட்டியதும் தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கம்பியோடு ஒட்டியபடியே உட்கார்ந்துவிடும். துடிப்பு வரவர உள்ளேயே இருக்கும். கோழை தப்பித்துவிடுகிறது, பொறுமைசாலி இறக்கிறது என்று எழுதிப் பார்த்தேன், அது தவறு. கோழையும் பொறுமைசாலியும் அங்கே இல்லை. ஒரு கருவி, குதிரையை மட்டும் மனத்தில் வைத்து உலகத்தைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஓடத் தெரிந்தவையாவது தப்பிக்கின்றனவா என்றால் அதுவும் முழுக்க இல்லை. வட அமெரிக்காவின் பிராங்ஹார்னை எடுத்துக்கொள்ளலாம். பார்க்க மான், உண்மையில் மான் குடும்பம் அல்ல. இன்று உயிரோடிருப்பவற்றில் ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியும்தான் அதற்கு நெருங்கிய உறவு. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இன்றைக்கு அங்கே அதைத் துரத்தும் ஓநாயோ கொயோட்டியோ அந்த வேகத்தின் பக்கத்தில்கூட வர முடியாது. அப்படியானால் யாரிடமிருந்து ஓடுகிறது? பனியுகத்தின் முடிவில் அழிந்துபோன, சிவிங்கிப்புலியைப் போன்ற ஒரு பெரும்பூனையிடமிருந்து என்றார் விலங்கியலாளர் ஜான் பையர்ஸ். கொன்றவை போய்விட்டன, அவற்றுக்கான ஓட்டம் மட்டும் கால்களில் தங்கிவிட்டது. பேய்க்கு ஓடும் விலங்கு. அழகான விளக்கம், அதனாலேயே எனக்குச் சந்தேகம். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணக் கதை கட்டிவிடும் பழக்கத்தை உயிரியலாளர்கள் ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவான்டினும் 1979இல் எழுதிய கட்டுரையில் கேலி செய்தார்கள். இருப்பதெல்லாம் ஏதோ ஒன்றுக்காக வந்தது என்று ஏன் நினைக்க வேண்டும், வேறொன்றின் கூடவே வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கக்கூடாதா என்பது அவர்கள் கேள்வி. அந்தப் பூனை உண்மையில் சமவெளியில்தான் துரத்தியதா என்பதும் இன்றுவரை வாதத்துக்கு உரியது. பேய் இருந்ததோ இல்லையோ, கம்பி இருக்கிறது. அவ்வளவு வேகமாக ஓடும் பிராங்ஹார்ன், வேலியைத் தாண்டிக் குதிப்பதில்லை. கால்களால் முடியும், ஆனால் திறந்த வெளியில் வளர்ந்த அந்த இனத்துக்கு ஒன்றைத் தாண்டும் பழக்கம் வாய்க்கவில்லை. முள்கம்பியின் முன்னால் வந்து நின்று, பக்கவாட்டில் அலைந்து, கடைசியில் மண்டியிட்டு அடிக்கம்பிக்குக் கீழே தவழ்ந்து நுழையும். முதுகில் மயிர் பிய்ந்து முள்ளில் தொங்கும். கம்பி மிகத் தாழ்வாக இருந்தால் நுழையவும் முடியாது. பனிக்காலத்தில் தெற்கே இறங்க வேண்டிய மந்தை அந்த இடத்திலேயே நின்றுவிடும். உலகின் மிக வேகமான நிலவாழ் விலங்குகளில் ஒன்று இப்படி மண்டியிட்டுத் தவழ்வதைக் கற்பனை செய்யும்போது எனக்குப் பரிதாபத்தைவிட வெட்கம்தான் வருகிறது. ஏன் என்று முழுதாகச் சொல்லத் தெரியவில்லை.

கம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கையை மறந்துவிடுவோம். அழுங்குக்கு மனிதக் கையும் ஒருவகைக் கம்பிதான். எல்லா மிருகமும் தோற்றுப்போகிற அந்தச் சுருளல், மனிதன் முன்னால் ஒரு வசதி. ஓடவில்லை, கடிக்கவில்லை, கத்தவில்லை. குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டால் முடிந்தது. பொறி வேண்டாம், துப்பாக்கி வேண்டாம், துரத்த வேண்டாம். ஆசியாவில் நான்கு இனம், ஆப்பிரிக்காவில் நான்கு இனம் என்று உலகில் மொத்தம் எட்டு இன அழுங்குகள். அந்த எட்டு இனங்களின் பன்னாட்டு வணிகத்தையும் தடை செய்ய, வனவுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் மாநாடு 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடி முடிவெடுத்தது. அதன்பிறகுதான், 2019 ஏப்ரலில், சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டு முறை பிடிபட்ட சரக்கு: முதலில் 12.9 டன், அடுத்து 12.7 டன். இரண்டும் நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்தவை. உடல்களின் எடை அல்ல, செதில்களின் எடை மட்டும். செதிலே இத்தனை டன் என்றால் எத்தனை உருண்டைகள் கைக்கு எளிதாக அகப்பட்டிருக்கும் என்று வாசகர் யோசித்துக்கொள்ளட்டும். அவற்றைப் பிரித்தெடுக்க வெந்நீரில் போடுவார்கள். காய்ந்த செதிலைச் சுட்டால் மயிர் பொசுங்கும் நாற்றம்தான் வரும், வேறு எந்த மருந்து மணமும் வராது. 2020இல் சீனா தன் அதிகாரப்பூர்வ மருந்துநூலிலிருந்து அழுங்குச் செதிலை நீக்கியது. அதே ஆண்டில்தான் கொரோனா எங்கிருந்து வந்தது என்ற தேடலில் அழுங்கின் பெயர் உலகத்தின் வாயில் அடிபட்டது. முன்னர் யாருக்கும் தெரியாதிருந்த விலங்கு, தெரியவந்த முதல் வாரத்திலேயே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கும் அது சுருண்டுதான் கிடந்திருக்கும்.

இங்கே நம் பக்கத்திலும் அழுங்கு உண்டு. புதர்க்காட்டு ஓரங்களில், கரையான் புற்றுகள் உள்ள வறண்ட மேடுகளில், இரவில் மட்டும் நடமாடுவது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. பார்த்தவர்கள் மிகக் குறைவு, புற்றில் அது தோண்டிய குழியைப் பார்த்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அசையாமலிருப்பதையே பாதுகாப்பாகக் கொண்ட இன்னொரு விலங்கும் நமக்கு உண்டு: தேவாங்கு. இலைக்கூட்டத்துக்குள் ஓசையில்லாமல் ஒவ்வொரு கையாக எடுத்துவைத்து நகரும், சந்தேகம் வந்தால் அப்படியே உறைந்துவிடும். டார்ச் வெளிச்சம் பட்டால் அந்தப் பெரிய கண்கள் மின்னி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழக அரசு அறிவித்தது. யானை இதற்கு நேர்எதிர். கரண்ட் வேலியின் முன்னால் யானைகள் கற்றுக்கொள்கின்றன. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைக் கண்டுகொண்டு தந்தத்தால் கம்பியை அறுக்கின்றன. மரத்தைச் சாய்த்து வேலியின்மேல் தள்ளுகின்றன. கோடி ஆண்டுகள் காத்திருக்காமல் ஒரே வாழ்நாளில் பதில் தேடும் மூளை. அதுவும் போதவில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. கூடவே வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. அது துடிப்பு மின்சாரம் அல்ல, நேராக மின்இணைப்பிலிருந்து இழுத்தது. விலகிக்கொள்ள இடைவெளியே தராதது. அந்த ஆண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகள் தமிழ்நாட்டில் வந்தன. பயிரை இழந்த விவசாயியின் கோபம் எனக்குப் புரியாததல்ல. ஒரு இரவில் வாழைத்தோட்டம் போனவரிடம் பரிணாமம் பேச முடியாது. ஆனால் யானையைப் பற்றியாவது நாம் சண்டை போடுகிறோம், அதன் பெயரால் விதி வருகிறது. வேலி அருகே சுருண்டு கிடக்கும் சிறிய பிராணிக்காக எந்த ஊரிலும் சாலைமறியல் நடந்ததில்லை.

காலப்போக்கில் சுருளாத அழுங்கு ஒன்று வந்துவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதிர்ச்சி பட்டதும் விலகி ஓடும் இயல்புள்ள அழுங்கு ஒன்று பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலியில் அது தப்பும். அன்றிரவே சிறுத்தை எதிர்ப்பட்டால் அந்த ஓட்டத்தில் செத்துப்போகும், ஏனென்றால் அதன் கால்கள் மண் தோண்டுவதற்கு அமைந்தவை, ஓடுவதற்கு அல்ல. வேலிக்கும் சிறுத்தைக்கும் ஒரே உடலில் இரண்டு பதில் வேண்டும். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி போட்டு, அதை வாலடியில் ஏற்றிச் சுமந்து வளர்க்கும் விலங்கிடம் அதற்கான பிறப்புகளும் இல்லை, காலமும் இல்லை. இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. அப்படி ஒன்று வந்துவிட்டால் நாம் அதை மறுபடியும் அதிசயம் என்று கொண்டாடுவோம். வேலியோடு ஒத்துப்போகக் கற்ற விலங்கு என்று படம் எடுப்போம். மாற வேண்டிய பாரத்தை எப்போதும் உடலின் மேல் இறக்கிவைப்பதற்குத்தான் தகவமைப்பு என்ற எண்ணம் நமக்கு இவ்வளவு சௌகரியமாக இருக்கிறதோ என்னவோ.

வேலி பரிணமிக்கக் கோடி ஆண்டுகள் வேண்டாம். தென்னாப்பிரிக்கப் பண்ணைக்காரர்கள் அடிக்கம்பியை அவ்வளவு தாழ்வாகப் போடுவதற்குக் காரணம் உண்டு: நரி தோண்டிக்கொண்டு உள்ளே வரக்கூடாது, பன்றிகள் அடியில் நுழையக்கூடாது. அதை உயர்த்தினால் ஓர் ஆட்டுக்குட்டி போகலாம் என்ற பயம் நியாயமானதே. இருந்தும் அடிக்கம்பிக்கு மின்சாரம் கொடுக்காமல் விடுங்கள், அல்லது சுருளும் உடலுக்கு மேலே உயர்த்துங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சில பண்ணைகள் கேட்கின்றன, பல கேட்பதில்லை. வயோமிங், மொன்டானா மாநிலங்களில் பிராங்ஹார்ன்களுக்காக அடிக்கம்பியை முள்ளில்லாத கம்பியாக மாற்றி ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்துக்கு ஏற்றும் வேலையைத் தன்னார்வலர்கள் வேலி வேலியாகச் செய்துவருகிறார்கள். ஏற்றிய இடங்களில் அந்த விலங்கு முதுகு கிழியாமல் நுழைந்து போகிறது. ஒரு பண்ணை வேலியில் இதைச் செய்ய வேண்டியது ஒரு குறடும், கொஞ்சம் கம்பியும், சில நாள் கூலியும்தான். தோட்டத்துக்குச் சோலார் வேலி போடும் நம்மூர்க்காரர் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், ஆளை வைத்து அடிக்கம்பியை இழுத்துக் கட்டும் முன் குனிந்து அதன் உயரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.